மாஸி சைக்கிளுக்குக் காசு கொடுத்தது யார்?

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவின் வாட்ஸாப்பில் போன மாதம் ஒருவர் 'பிரேக்கிங் அவே' படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை அனுப்பி, காசு இல்லாவிட்டாலும் மனசு இருந்தால் ரேஸில் ஜெயிக்கலாம் என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல். அதற்கு முந்தின வாரம்தான் புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பையன், ரேஸ் ஓட்ட ஆரம்பிக்க எவ்வளவு செலவாகும் என்று அதே குழுவில் கேட்டிருந்தான். பதில்கள் அரை லட்சத்தில் ஆரம்பித்து மூன்று லட்சத்தில் போய் நின்றன. பையன் "தேங்க்ஸ் அண்ணா" என்று போட்டதோடு சரி, அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

கைதட்டியவர்களும் மூன்று லட்சம் சொன்னவர்களும் ஒரே ஆட்கள். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் படத்தை மறுபடி முழுசாகப் பார்த்தேன். இந்த முறை ஒரே ஒரு கேள்வியோடு: இந்தக் கதையில் சைக்கிள் ரேஸுக்கான காசு எங்கிருந்து வருகிறது? பார்த்து முடித்தபோது, படம் சொல்வதாக எல்லோரும் நம்புகிற விஷயத்துக்கும் படம் உண்மையில் காட்டுகிற விஷயத்துக்கும் நல்ல இடைவெளி இருக்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகக் கதை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ப்ளூமிங்டன் என்று ஒரு ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குவாரிகள். ஊருக்கு நடுவில் இந்தியானா பல்கலைக்கழகம். அந்தக் கட்டடங்களுக்குக் கல் வெட்டிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் நான்கு பேர், பள்ளி முடித்து ஒரு வருஷமாகியும் வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறார்கள். அவர்களில் டேவ் என்பவனுக்கு சைக்கிள் பைத்தியம். சைக்கிள் என்றால் இத்தாலி என்பதால் இத்தாலியன் மாதிரியே பேசுகிறான், வீட்டில் ஆபரா போடுகிறான், பூனைக்கு ஃபெல்லினி என்று பெயர் வைக்கிறான். பழைய கார் வியாபாரம் பார்க்கும் அப்பாவுக்கு இதையெல்லாம் பார்த்து ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. இத்தாலியிலிருந்து சின்ஸானோ அணி வந்து ஒரு ரேஸ் ஓட்டுகிறது; அதில் டேவ் ஏமாற்றப்பட்டு விழுகிறான். பிறகு பல்கலைக்கழகத்தின் 'லிட்டில் 500' என்கிற ரேஸில் நண்பர்களோடு சேர்ந்து ஓட்டி ஜெயிக்கிறான். இயக்கம் பீட்டர் யேட்ஸ். கதை, வசனம் ஸ்டீவ் டெஸிச். அந்த வருஷத்து ஆஸ்கரில் சிறந்த அசல் திரைக்கதைக்கான விருது இவருக்குத்தான்.

இதை வர்க்கப் படம் என்பார்கள், அப்பா-மகன் படம் என்பார்கள். இரண்டும் சரி. ஆனால் படத்தில் இரண்டு ரேஸ்கள் இருக்கின்றன, இரண்டின் செலவு அமைப்பும் நேர் எதிரானது என்பதை யாரும் பெரிதாகப் பேசி நான் படித்ததில்லை.

முதலில் டேவின் சைக்கிள். அது மாஸி. மிலான் நகரின் விகோரெல்லி சைக்கிள் மைதானத்துக்கு அடியில் பட்டறை வைத்திருந்த ஃபலியேரோ மாஸியின் பெயரில் வந்த வண்டி. எழுபதுகளில் அமெரிக்காவில் சைக்கிள் பித்துப் பிடித்தவர்கள் கனவு காண்கிற ரகம். செகண்ட் ஹேண்ட் கார் விற்கிற அப்பா, ஒரு வருஷமாக வேலைக்குப் போகாத மகன். இந்த வீட்டுக்குள் மாஸி எப்படி வந்தது? படத்தின் ஆரம்பத்தில் நண்பர்கள் கிண்டல் பேச்சில் பதில் வந்துபோகிறது: அந்த இத்தாலிய சைக்கிளை ஜெயித்ததிலிருந்து நீ ஆளே ஒரு மாதிரி ஆகிவிட்டாய் என்கிறார்கள். அதாவது வண்டி பரிசாக வந்தது. அவ்வளவுதான். எந்த ரேஸ், எந்த வண்டியில் ஓட்டி ஜெயித்தான், ஒன்றும் கிடையாது.

திரைக்கதை எழுதுகிறவருக்கு இது தப்பிக்கிற வழி. தப்பு சொல்லவில்லை. டேவ் வாங்கியிருந்தால் யார் பணத்தில் என்ற கேள்வி வரும். அப்பா வாங்கித் தந்திருந்தால் அப்பாவின் பாத்திரமே உடைந்துவிடும். பையன் கேட்கிற பாட்டுக்கும் சாப்பிடுகிற சாப்பாட்டுக்குமே கத்துகிற மனுஷர் அவர். திருடியிருந்தால் வேறு படம். ஆக, பரிசு. கோடிங் பாஷையில் சொன்னால், நிரல் ஓடவேண்டும் என்பதற்காக ஒரு மதிப்பை நேரடியாகத் தட்டச்சு செய்து வைத்துவிட்டுப் போவது மாதிரி. படம் ஓடுகிறது. ஆனால் "ஆரம்பிக்க எவ்வளவு ஆகும்" என்ற கேள்விக்குப் பதில் இருக்கவேண்டிய இடத்தில் பரிசுச் சீட்டு இருக்கிறது.

அதுவும் வண்டி மட்டும்தான் பரிசு. எழுபதுகளில் ரேஸ் வண்டிகளில் பெரும்பாலும் ட்யூபுலர் டயர்தான். ட்யூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் பசை போட்டு ஒட்டுகிற ரகம். பஞ்சர் ஆனால் தையலைப் பிரித்து ஒட்டிவிட்டு மறுபடி தைக்க வேண்டும், அல்லது தூக்கிப்போட வேண்டும். தினமும் நெடுஞ்சாலையில் பயிற்சி எடுக்கிற பையனுக்கு இது ஓயாத செலவு. ஷூ, சட்டை, செயின், ரேஸ் நடக்கிற ஊருக்குப் போய்வருகிற பெட்ரோல். இது எதுவும் படத்தில் இல்லை. டேவ் கால் முடியை மழிப்பதைக் காட்டுகிறார்கள்; அது செலவில்லாத சமாச்சாரம்.

சைக்கிள் ரேஸில் இறங்க எவ்வளவு ஆகும் என்று வழிகாட்டி எழுதுகிற எல்லோருமே இதே தப்பைத்தான் வேறு மாதிரி செய்கிறார்கள். வண்டி இவ்வளவு, ஹெல்மெட் இவ்வளவு, ஷூ இவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டு அடியில் கூட்டல். ஒரே ஒரு நாள் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தப்போகிறவனுக்கான கணக்கு அது. நாங்கள் அலுவலகத்தில் சர்வர் வாங்கும்போது வாங்கும் விலையை யாரும் முதலில் பார்ப்பதில்லை; மூன்று வருஷம் ஓட்ட என்ன ஆகும் என்றுதான் பார்ப்போம். சைக்கிளுக்கு மட்டும் அந்தப் புத்தி எங்கே போகிறதோ தெரியவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி ரேஸே இல்லை. டேவ் நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறான். லாரி டிரைவர் ஜன்னல் வழியே கையை நீட்டி விரல்களால் வேகத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறார். கடைசியில் மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர். பின்னணியில் மெண்டல்சோனின் இத்தாலிய சிம்பொனி. இதைச் சினிமாக் கப்ஸா என்று ஒதுக்கிவிடலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளும் வண்டியும் சேர்ந்து 83 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குனிந்து ஓட்டுகிறவரின் காற்று எதிர்ப்புப் பரப்பு 0.32 சதுர மீட்டர், டயர் உருளல் எதிர்ப்பு 0.005. லாரி இல்லாமல் 97-ல் போக, காற்றைக் கிழிக்க மட்டும் கிட்டத்தட்ட 3700 வாட் வேண்டும். ஐந்து குதிரைத்திறன், மனுஷனால் ஆகாது. லாரி காற்றை முழுசாக மறைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் உருளல் எதிர்ப்பு மட்டும்: 110 வாட். சாதாரணமாக ஓட்டத் தெரிந்த யாரும் கொடுக்கக்கூடியது. நிஜம் இரண்டுக்கும் நடுவில், 110-க்குப் பக்கமாக இருக்கும். கால் எவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும் என்பதுதான் சிக்கல். முன்னால் 53 பல், பின்னால் 13 பல் என்று வைத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 190 சுற்று. முடியும், ஆனால் உயிர் போகும். ஆக காட்சி பௌதிகப்படி பெரிய பொய் இல்லை. (வீட்டில் யாரும் முயற்சி செய்யவேண்டாம். படத்திலேயே லாரியைப் போலீஸ் நிறுத்திவிடுகிறது.)

இந்தக் காட்சியில் டேவ் எந்தக் காசும் கொடுக்காமல் 3000 வாட்டுக்கு மேல் சம்பாதிக்கிறான். சாலை ரேஸின் பொருளாதாரம் மொத்தமும் இதில் அடக்கம். சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் தனியாக ஓட்ட மேலே சொன்ன அதே ஆளுக்குச் சுமார் 310 வாட் வேண்டும், அதில் 260-க்கு மேல் காற்றுக்குப் போகிறது. ஒரு கிலோ எடை குறைந்த வண்டி வாங்கினால் இந்தச் சமதரையில் மிச்சமாவது அரை வாட். அரை வாட்! ஆறு சதவீத ஏற்றத்தில் அரை மணி நேரம் ஏறினால் அந்த ஒரு கிலோவால் இருபது செகண்ட் கிடைக்கும். ஆனால் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வது எவ்வளவு தரும்? 2018-ல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் பெர்ட் ப்ளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட சைக்கிள் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச்சுரங்கத்திலும் அளந்தார்கள். கூட்டத்தின் நடுவிலும் பின்னாலும் பாதுகாப்பாக இருப்பவருக்குக் காற்று எதிர்ப்பு, தனியாக ஓட்டுபவருக்கு உள்ளதில் 5 முதல் 10 சதவீதம்தான். புதிதாக ரேஸுக்கு வருகிறவர்களின் கூட்டம் இவ்வளவு பெரிதாகவும் இருக்காது, ஒழுங்காகவும் இருக்காது. பாதி கிடைத்தாலும் எந்தக் கடையிலும் எந்த விலைக்கும் கிடைக்காத லாபம் அது.

அதனால் கூட்டமாக ஓட்டும் சாலை ரேஸ், தனியாக நேரத்துக்கு எதிராக ஓட்டும் டைம் டிரையலைவிடக் காசில்லாதவனுக்கு அனுகூலமானது. குழுவில் பையனிடம் மூன்று லட்சம் என்று சொன்னவர்கள் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் ஒரு பிடி இருக்கிறது, அதைப் படம் பின்னால் வேறொரு காட்சியில் காட்டிவிடுகிறது. காற்றிலிருந்து ஒளிய வேண்டுமென்றால் முன்னால் போகிறவரின் சக்கரத்துக்கு ஒரு ஜாண் இடைவெளியில் உங்கள் சக்கரம் இருக்கவேண்டும். அங்கேதான் விழுவார்கள்.

சின்ஸானோ ரேஸ். டேவ் தன் தெய்வங்களோடு சரிக்குச் சரி ஓட்டுகிறான், உற்சாகத்தில் அவர்களோடு இத்தாலியனில் பேசுகிறான். அவர்களுக்கு எரிச்சல். ஒருவன் காற்றடிக்கிற பம்பை எடுத்து டேவின் சக்கரத்தில் செருகுகிறான். டேவ் தூக்கி எறியப்படுகிறான். விமர்சகர்கள் எல்லோரும் இந்த இடத்தில் பையனின் கனவு உடைந்ததைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு இந்த முறை கண்ணில் பட்டது சக்கரம். ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு நடுவில் பம்பை விட்டால் சக்கரம் என்ன ஆகும்? இத்தாலியர்களுக்குப் பின்னால் ஒரு மதுபான நிறுவனம் இருக்கிறது, வேறு சக்கரம் வரும். டேவுக்கு? படம் அவன் அழுகையைக் காட்டுகிறது, அப்பா கட்டிக்கொள்வதைக் காட்டுகிறது (அருமையான காட்சி, அதில் மாற்றுக் கருத்தில்லை). பில் வருவதில்லை.

ரேஸ் ஆரம்பிக்கிறவர்களிடம் யாரும் சொல்லாத செலவு இதுதான். ஒரு கணக்குக்கு, உங்கள் வண்டியின் ஃப்ரேமும் சக்கரமும் சேர்ந்து உங்கள் மூன்று மாசச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ரேஸுக்கு ஒரு தடவை அது உடைகிற மாதிரி விழுவீர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஒவ்வொரு தடவை கோட்டில் போய் நிற்கும்போதும் மூன்று நாள் சம்பளத்தைப் பந்தயம் கட்டுகிறீர்கள். நுழைவுக் கட்டணம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அதே ஆள் பாதி விலை வண்டியில் ஓட்டினால் பந்தயமும் பாதி. வண்டி மலிவாக இருப்பதன் லாபம் வாங்கும் நாளோடு முடிவதில்லை. ஒவ்வொரு வளைவிலும், பயப்படாமல் திரும்ப முடிகிறதா என்பதில் இருக்கிறது. உடைந்தால் மாற்றிக்கொள்ள முடியாத வண்டியில் வருகிறவன் பிரேக் பிடித்துக்கொண்டேதான் ஓட்டுவான்.

அமெரிக்காவின் க்ரிட்டீரியம் ரேஸ்களில், அதாவது நகரத்துக்குள் குட்டி வட்டப் பாதையில் ஓட்டுகிற போட்டிகளில், ஒரு நல்ல விதி உண்டு: டயர் வெடித்தாலோ விழுந்தாலோ ஒரு சுற்று மன்னிப்பு. ஓரத்தில் நிற்கிற இடத்துக்கு வந்து சக்கரத்தை மாற்றிக்கொண்டு, கூட்டம் அடுத்த சுற்று வரும்போது சேர்ந்துகொள்ளலாம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் போட்டி நடத்துகிறவர்கள் பொதுச் சக்கரம் வைக்காத இடத்தில், அந்த ஓரத்தில் மாற்றுச் சக்கரம் கொண்டுவந்து வைத்தவனுக்குத்தான் அந்த மன்னிப்பு உபயோகப்படும்.

இப்போது இரண்டாவது ரேஸ். லிட்டில் 500 கற்பனை இல்லை. 1951-ல் ஹௌடி வில்காக்ஸ் என்பவர் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. இவருடைய அப்பா 1919-ல் இண்டியானாபோலிஸ் 500 கார் ரேஸில் ஜெயித்தவர். அதைப் பார்த்து அமைத்ததுதான் இதுவும். அங்கே மாதிரியே இங்கேயும் 33 அணிகள், வரிசைக்கு மூன்றாகப் பதினோரு வரிசை. கால் மைல் சாம்பல்தூள் பாதையில் 200 சுற்று, மொத்தம் 50 மைல். அணிக்கு நான்கு பேர், மாறி மாறி ஓட்டலாம். 1988-லிருந்து பெண்களுக்கும் தனியாக நடக்கிறது. ஆரம்பித்த நோக்கத்தைக் கவனியுங்கள்: வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற மாணவர்களுக்கு உதவித்தொகை திரட்டுவது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இதன் மூளை சைக்கிள் விதியில் இருக்கிறது. எல்லா அணிக்கும் ஒரே மாதிரி வண்டி, போட்டி நடத்துகிறவர்களே கொடுப்பது. படம் எடுத்த காலத்தில் ரோட்மாஸ்டர். ஒரே கியர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பிரேக். தட்டை பெடல், காலைக் கட்டிவைக்கிற வார் எதுவும் கிடையாது. யார் எவ்வளவு பணக்காரன் என்பது தொடைக்குக் கீழே செல்லுபடியாகாது. நம்மூர் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்களே, பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போய் நிற்கலாம், விலை கூடின வண்டி அதில் இடைஞ்சல்தான். அந்த மாதிரி ஒரு சமத்துவம், ஆனால் 80 கிலோமீட்டருக்கு.

ஜப்பானின் கெய்ரின் ரேஸ்களிலும் இதே யோசனை உண்டு. 1948-ல் கொக்குராவில் ஆரம்பித்த அந்தப் பந்தயத்தில் ஜனங்கள் பணம் கட்டுகிறார்கள். அதனால் வண்டியில் யாரும் வித்தை காட்டக்கூடாது என்று, அங்கீகரிக்கப்பட்ட இரும்பு ஃப்ரேம், அங்கீகரிக்கப்பட்ட பாகங்கள் மட்டும்தான். பணம் கட்டுகிறவனுக்கு நியாயம் வேண்டுமென்றால் உடனே கண்டிப்பான விதி வந்துவிடுகிறது. ஓட்டுகிறவனுக்கு என்றால் அவ்வளவு அவசரம் இருப்பதில்லை.

டேவ் இந்த ரேஸில் ஜெயிப்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். மாஸியில் போனபோது தோற்றான். எல்லோருக்கும் கொடுத்த அதே தகர வண்டியில் போனபோது ஜெயித்தான். ஜெர்சி? அம்மாவும் அப்பாவும் பிரிண்ட் போட்டுக்கொடுத்த 'கட்டர்ஸ்' டீ-ஷர்ட். நடுவில் அவனுக்கு அடிபட்டு, நண்பர்கள் மாறி மாறி ஓட்டித் தடுமாறி, கடைசியில் அவன் திரும்ப ஏறும்போது கால்களைப் பெடலோடு சேர்த்து டேப் சுற்றச் சொல்கிறான். மொத்தப் படத்திலும் வண்டியில் செய்யப்படுகிற ஒரே மேம்பாடு அந்த ஒரு சுருள் டேப். அது ஒருவழிப் பாதை: கட்டிய பிறகு இறங்கி இன்னொருவனிடம் கொடுக்க முடியாது. டெஸிச் தெரிந்து எழுதினாரா என்று யோசிக்க வேண்டியதே இல்லை. சைக்கிள் ஓட்டியவர் எழுதிய காட்சி என்று பார்த்தாலே தெரிகிறது.

ஆக, "காசு இல்லாவிட்டாலும் மனசு இருந்தால் ஜெயிக்கலாம்" என்று படம் சொல்லவில்லை. காசு செல்லாதபடி யாரோ விதி எழுதி, வண்டியையும் அவர்களே வாங்கி வைத்த ஒரு ரேஸில், மனசும் காலும் இருந்தால் ஜெயிக்கலாம் என்று சொல்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ரொம்பப் பெரியது.

இங்கே நிறுத்தினால் படத்தைப் பாராட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் வண்டி வாங்கி வைத்தது யார் என்று ஒரு படி மேலே கேட்டால் சங்கடமாகிறது. வாங்கி வைத்தது பல்கலைக்கழகத் தரப்பு. எந்தக் கட்டடங்களைப் பார்த்து டேவின் அப்பா ஒதுங்கி நிற்கிறாரோ அதே பல்கலைக்கழகம். படத்தில் மாணவர்களுக்கும் ஊர்ப்பையன்களுக்கும் அடிதடி ஆனதும், பல்கலைக்கழகத் தலைவர் மாணவர்களைக் கூப்பிட்டுக் கண்டித்து, இந்த வருஷம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு அணிக்கு இடம் என்று அறிவிக்கிறார். நடித்திருப்பவர் அப்போது நிஜமாகவே அங்கே தலைவராக இருந்த ஜான் ரையன். நிஜத்தில் லிட்டில் 500 அந்தப் பல்கலைக்கழக மாணவர்களுக்கானது. டேவும் நண்பர்களும் அதில் ஓட்டவே முடியாது.

அதாவது சைக்கிள், பாகங்கள் விஷயத்தில் உலகத்திலேயே மலிவான ரேஸ்களில் ஒன்றுக்கு நுழைவுச் சீட்டு கல்லூரிக் கட்டணம். செலவை விதி ஒழிக்கவில்லை, வண்டியிலிருந்து வாசலுக்கு நகர்த்தி வைத்திருக்கிறது. படம் அந்த வாசலை ஒரு வசனத்தில் திறந்துவிடுகிறது. மாஸி பரிசாக வந்த மாதிரியே அனுமதியும் பரிசாக வருகிறது. ஒரு திரைக்கதையில் இப்படி இரண்டு பரிசு. முதலாவதை மன்னிக்கிறேன். இரண்டாவது கதையின் அஸ்திவாரம், அதை மன்னிப்பது கஷ்டம்.

நிஜக் கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. டேவ் பாத்திரத்துக்கு முன்மாதிரி டேவ் ப்ளேஸ் என்கிற மாணவர். 1962 லிட்டில் 500-ல் 200 சுற்றில் 139 சுற்றைத் தானே ஓட்டி அணியை ஜெயிக்க வைத்தவர். டெஸிச் அதே அணியில் இருந்தார். அந்த அணி ஃபை கப்பா சை, அதாவது படத்தில் வில்லன்களாக வருகிற மாதிரி ஒரு மாணவர் சகோதரத்துவ சங்கம். டெஸிச் யூகோஸ்லாவியாவில் பிறந்து, பதினாலு வயசில் அமெரிக்கா வந்து, மல்யுத்த உதவித்தொகையில் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். ஊர்க்காரனின் கூச்சமும் அவருக்குத் தெரியும், உள்ளே போனவனின் சலுகையும் தெரியும். ஜெயித்தது உள்ளே இருந்தவன். படத்தில் அந்த வெற்றியை எடுத்து வெளியே நிற்கிறவனுக்குக் கொடுத்தார். கலைஞனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதை எடுத்து வாட்ஸாப்பில் ஆதாரமாகப் போடுகிறவர்களுக்கு, நிஜத்தில் ஜெயித்த அணி எது என்று தெரிந்திருப்பது நல்லது.

இதற்கு மறுப்பாக உடனே ஒரு பெயர் வரும் என்று தெரியும்: கிரேம் ஓப்ரீ. ஸ்காட்லாந்துக்காரர். தானே வெல்டிங் வைத்துச் செய்த வண்டி, அதில் வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங். கைகளை நெஞ்சுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு குனிகிற, அவரே கண்டுபிடித்த ஒரு விசித்திர உட்காரல். 1993 ஜூலையில் நார்வேயின் ஹமாரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி, பிரான்செஸ்கோ மோசரின் ஒன்பது வருஷ சாதனையை உடைத்தார். காசில்லாமல் ஜெயித்தவர் இதோ இருக்கிறாரே?

இருக்கிறார். ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1994-ல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அந்த உட்காரலைத் தடை செய்தது. அவர் கைகளை முன்னால் நீட்டி வேறொரு நிலையைக் கண்டுபிடித்தார். பிறகு அதற்கும் தடை. உட்காருகிற விதம் இலவசம். யாரும் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கிற வேகத்தைத் தடைசெய்தால் மிச்சமிருப்பது கடையில் கிடைக்கிற வேகம் மட்டும்தான். லிட்டில் 500-ன் விதியும் சம்மேளனத்தின் விதியும் இரண்டுமே சமத்துவம் என்ற பெயரில்தான் வருகின்றன. ஒன்று பணத்தைத் தடுக்கிறது, இன்னொன்று யோசனையைத் தடுக்கிறது. 2000-லிருந்து ரேஸ் வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது. எடைக்கு அடியில் தரை போட்டாயிற்று. பணம் அங்கே முட்டியதும் பக்கவாட்டில் திரும்பி, காற்றைக் கிழிக்கிற ஃப்ரேம், உயரமான ரிம் என்று ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் கசியும். பட்ஜெட் போட்ட எந்த இன்ஜினியருக்கும் இது புதுசு இல்லை.

டெஸிச் 1985-ல் 'அமெரிக்கன் ஃப்ளையர்ஸ்' என்று இன்னொரு சைக்கிள் படம் எழுதினார், கெவின் காஸ்ட்னர் நடித்தது. அதில் அண்ணன் விளையாட்டு மருத்துவர். காசுப் பிரச்சினை முதல் ரீலிலேயே தீர்ந்தது. படமும் அந்த அளவுக்குத்தான் இருக்கிறது. மலைகள் அழகாக இருக்கின்றன. 'பிரேக்கிங் அவே' அதைவிட நூறு மடங்கு நல்ல படம், காரணம் அதில் காசு ஒரு காட்சியில்கூட நேரடியாகப் பேசப்படாவிட்டாலும் ஒவ்வொரு காட்சியிலும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. பழுதான காரைத் திருப்பிக்கொடுத்துப் பணம் கேட்டு வருகிற மாணவனைப் பார்த்து டேவ் கொடுத்துவிடலாமே என்கிறான், அப்பா "ரீஃபண்டா!" என்று அலறி நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். சிரிப்பு வருகிற காட்சி. ஒரு பையன் மாஸியில் சுற்றுவதற்கு வீட்டுச் சோற்றை யார் போடுகிறார்கள் என்பது அந்த அலறலில் இருக்கிறது. ரேஸ் செலவில் எந்தப் பட்டியலிலும் வராத மிகப்பெரிய வரி அதுதான்: ஒரு வருஷம் சம்பாதிக்காமல் பயிற்சி எடுக்க முடிகிற சாப்பாடும் கூரையும்.

அப்புறம் அந்த இரவுக் காட்சி. அப்பா டேவைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கூட்டிக்கொண்டு நடக்கிறார். இந்தக் கட்டடத்துக்குக் கல் வெட்டியது நான், வெட்டும்போது பெருமையாக இருந்தது, கட்டி முடித்ததும் என்னவோ இது நமக்கானதில்லை என்று தோன்றிவிட்டது, யாரும் சொல்லவில்லை, அப்படித் தோன்றியது என்கிற பொருளில் பேசுகிறார். படத்தில் செலவைப் பற்றி நேர்மையாகப் பேசுகிற ஒரே ஆள் இவர்தான் என்று நினைக்கிறேன், சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே. கடைசியில் அவரே ஒரு சைக்கிளில் வருகிறார். டேவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டான், பக்கத்தில் ஒரு பிரெஞ்சு மாணவி, இனி பிரெஞ்சுப் பைத்தியம். லிட்டில் 500-ன் நிஜ விதிப்படி டேவ் ஓட்டத் தகுதி பெறுவது இந்தக் காட்சியில்தான், ரேஸ் முடிந்த பிறகு.

1984-ல் அந்தப் பல்கலைக்கழகத்தில் 'கட்டர்ஸ்' என்று நிஜமாகவே ஒரு அணி உருவானது. எந்த சகோதரத்துவ சங்கத்தையும் சேராத மாணவர்கள். லிட்டில் 500-ஐப் பல தடவை ஜெயித்திருக்கிறார்கள். அவர்களும் கட்டணம் கட்டிச் சேர்ந்த மாணவர்கள்தான்.